லிஃப்டர்

எங்கள் பக்கம் பந்தை எடுத்துக் கொடுப்பவனுக்கு
லிஃப்டர் என்று பேர்.
நான் புதுவயல் ஆலை அணியின் லிஃப்டர்.
முதல் செட், பதினொன்றுக்கு ஒன்பது,
ஏணி மேலிருந்து பிலவேந்திரன் சார் ஊதுகிறார்:
லிஃப்ட்.
ஆமாம் சார், அதுதானே என் வேலை
என்று கேட்க எனக்கு உரிமையில்லை.
கேப்டன்தான் கேட்கலாம்.
ராக்கப்பன் கேட்டான்.
'கை சுத்தமா இல்லப்பா' என்றார்.
கையைப் பார்த்தேன்.
நகத்திடுக்கில் கொஞ்சம் தவிடு.

விதி இவ்வளவுதான்:
பந்தைப் பிடிக்கக் கூடாது, எறியக் கூடாது.
தொடலாம்.
தொடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவே
எத்தனை இமைப்பு என்று
எவரும் எழுதி வைக்கவில்லை.
எதிராளி அடித்து வரும் முதல் பந்து
இரண்டு தரம் பட்டாலும் குற்றமில்லை,
ஒரே அசைவாக இருந்தால்.
அதே கை, அதே பந்து, அடுத்த தொடுகை என்றால்
டபுள்.
அரியக்குடி நடுவர் சத்தத்தைக் கேட்பார்.
தேவகோட்டைக்காரர் பந்து சுழல்கிறதா என்று பார்ப்பார்;
சுழல்வதெல்லாம் குற்றமென்றால்
இந்தப் பூமியை அவர் ஒரு நாளும் ஆட விடமாட்டார்.
பள்ளத்தூரில் ஒருவர் உண்டு,
பனியனின் நிறத்தைப் பார்ப்பார் என்பார்கள்.
பிலவேந்திரன் சார் அப்படியில்லை.
நல்லவர். அதுதான் சிக்கல்.
கெட்டவர் என்றால்
எப்போது ஊதுவார் என்றாவது தெரிந்திருக்கும்.

இரண்டாவது செட்டில் கண்டனூர் லிஃப்டர் அஜ்மல்
பந்தை வாங்கி
நெற்றிக்கு மேல் வைத்து
யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்து
பிறகு கொடுத்தான்.
விசில் சார் வாயில்தான் இருந்தது, ஈரமாய்.
எங்கள் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.
'பார்வையாளர்கள் நடுவருக்கு ஒத்துழைப்புத் தர வேண்டும்,
முதல் பரிசு வெள்ளாட்டுக்கிடா வழங்குபவர்'
என்றது மைக்.

பகலில் நான் கலர் சார்ட்டரில் நிற்கிறேன்.
அரிசி அருவியாய் இறங்கும்.
கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும்.
கறுத்ததைப் பொட்டுக் காற்று ஊதித் தள்ளும்,
ப்ஸ், ப்ஸ், ப்ஸ்.
முகம் பாராது, பக்கம் சாயாது.
தோற்ற மறுநாள்களில் அதன் முன் நின்று
'பாருங்கடா, நடுவர்னா இது' என்று சொல்லியிருக்கிறேன்.
ஆனால் எவ்வளவு கறுத்தால் கறுப்பு என்று
காலையில் எண் வைப்பவன் நான்.
ஏற்றுமதிச் சரக்குக்கு ஒரு எண்,
விடுதிச் சரக்குக்கு ஒரு எண்.
செவ்வாயன்று குப்பைக்குப் போன மாதிரி மணி
வியாழனன்று சோறாகியிருக்கிறது.
எந்த மணியும் கேப்டனை அனுப்பிக் கேட்டதில்லை.

ஐந்தாவது செட்.
பதினான்குக்குப் பதின்மூன்று, கண்டனூர் மேலே.
இரவு ஒன்றரை.
சாயங்காலம் பெய்த தூறலில்
பந்தெல்லாம் செம்மண்.
தாழ்வாக வந்தது. குனிந்தேன்.
இடது கை முதலில். வலது கை பிறகு.
டப். டப்.
எனக்குக் கேட்டது.
விரல் பொய் சொல்லாது, நான்தான் சொல்வேன்.
ஊதப் போகிறார் என்று தோளைத் தொங்கப்போட்டேன்.
ஊதவில்லை.
ராக்கப்பன் எழும்பி அடித்தான்.
பதினான்கு, பதினான்கு.
வலைக்கு அப்பால் அஜ்மல்
வாயைத் திறக்காமல்
எனக்கு மட்டும் இரண்டு விரலைக் காட்டினான்.
நான் பந்து பொறுக்கும் பையனைப் பார்த்தேன்.

பதினாறுக்குப் பதினான்கு. கிடா எங்களுக்கு.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் சார் தனியாக நின்றார்.
'சார், கடைசியில் நான் எடுத்த பந்து...'
'எது?'
'பதின்மூன்றில்.'
யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
'அப்பக் கண்ணுல ஈசல் விழுந்துருச்சு தம்பி.'
'முதல் செட்டுல ஊதினது?'
'அது சுத்தமான லிஃப்ட். சந்தேகமே இல்ல.'

அது லிஃப்ட் இல்லை.
இதுதான் டபுள்.
கூட்டிக் கழித்தால் நேராகிவிடுமா என்று
நான் விரல் மடக்கிக்கொண்டிருக்க,
கட்டிய இடத்தில் கிடா கத்திக்கொண்டிருந்தது.

சார் கடைக்காரரைப் பார்த்து
இரண்டு விரலை உயர்த்தினார்.
எனக்கு உடம்பு ஒரு கணம் நின்றுவிட்டது.
கடைக்காரர் மறுபேச்சு பேசாமல்
இரண்டு டீ வைத்தார்.